தாய்க்குச் சோறு

எங்கள் ஊரில் நாய்க்குட்டி வாங்க வருகிறவர் முதலில் தாய்க்குச் சோறு வைக்க வேண்டும். தாய் தின்று முடித்த பிறகுதான் குட்டியைத் தூக்கலாம். நயா பைசா வந்த புதிதில், அந்தப் பாழாய்ப்போன வழக்கத்தால்தான் ஒரு பட்டப்பகலில் நான் வைக்கோல் அறைக்குள், எங்கள் தாய்நாய் வெள்ளச்சியின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே தாழ் போட்டவர் என் வீட்டுக்காரர் ரத்தினவேல்.

"சத்தம் வந்துச்சு, ரெண்டு பேரையும் தொலைச்சுப்புடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்.

வெள்ளச்சியைக் காட்டினால் யார் குட்டி வாங்குவார்கள்? இரண்டு வருஷத்தில் நாலாவது ஈற்று. விலா எலும்பை எண்ணலாம், காம்பெல்லாம் புண். இந்தத் தடவை இவள் பெற்ற மகனையே இவளோடு சேர்த்துவிட்டார் மனுஷன். பிறந்த ஐந்தில் இரண்டு குருடு. கண்மாயில் வீசிவிட்டு வந்தார். இன்னொரு ஈற்று என்றால் இவள் செத்தே போவாள். சொன்னால், "ஒனக்கென்னடி தெரியும்?"

வந்திருந்தவர் திருமயத்து ஞானமணி வாத்தியார். தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்திருந்தார். அடுத்த வீட்டு ஆண்டியப்பனின் கொழுத்த நாய் தாயாக நின்று அதைத் தின்றது. எல்லாம் கதவிடுக்கில் தெரிந்தது.

ஆனால் குட்டிகளை யார் ஏமாற்ற முடியும்? மூன்றும் அந்த நாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கதவடிக்கு வந்து முனகின.

"என்னங்க, தாய விட்டுட்டு அங்கிட்டு ஓடுதுக?"

"உள்ள எலி கெடக்குங்க சார்."

நான் கையை எடுத்தேன். குரைடி, குரை! அவள் குரைக்கவில்லை. வாலைச் சுருட்டிக்கொண்டு என் மடியில் ஒண்டினாள். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"தாயி இங்க இருக்குங்க சார்!" என்று நானே கத்தினேன்.

வாத்தியாரே தாழை நீக்கினார். வெள்ளச்சியைக் கண்டதும் அவர் முகம் சுண்டிப்போனது.

"இப்படி வதைக்கிற வீட்ல குட்டி வாங்குறதே பாவங்க. எனக்கு வேணாம்."

"குட்டி வேணாம் சார், இவளக் கூட்டிட்டுப் போயிருங்க. ஒங்களக் கும்பிடுறேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று காலித் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுஷன்தான், பொய் சொல்லக் கூடாது. அவர் போன பிறகு எங்கள் கதி என்னவென்றுதான் யோசிக்கவில்லை.

ரத்தினவேல் எங்களை உள்ளேயே விட்டுத் தாழைப் போட்டார்.

வெள்ளச்சி என் கையை நக்கினாள். அவள் வாயைப் பொத்திய அதே கையை.

"கடிச்சுத் தொலையேன்டி, மூதேவி" என்று அழுதேன். அவள் நக்கிக்கொண்டே இருந்தாள்.