வெறும் நம்பர்தானே

௧

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பழனி பேருந்து நிலையத்துக்கு எதிரே, சிவமுருகனின் செல்போன் கடையில். உடைந்த கண்ணாடியை மாற்றக் காத்திருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் தன் போனைக் கண்ணாடி மேசைமேல் தள்ளினாள்.

"அண்ணே, என் கணக்கத் தூக்கிட்டாங்க. அவன் கணக்கு அப்படியே கெடக்கு. இது எந்த ஊரு நியாயம்?"

சிவமுருகன் வாசித்துப் பார்த்தான். "மெஷின் பாக்குதுக்கா. அவன் எழுதுனதுல கெட்ட வார்த்தை இல்லன்னு நெனைச்சிருச்சு. நீங்க எழுதுனதுல இருக்கு."

"நான் எழுதுனது அவன் எழுதுனதத்தாங்க!"

கடையில் எல்லோரும் திரும்பினோம். அவளைச் சுபஸ்ரீ என்று அழைக்கிறேன். கொடைக்கானலுக்கும் மேலே ஒரு மலையூரில் பூண்டு போடுகிற குடும்பம். பஸ் வரும்வரை நடந்ததையெல்லாம் சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. ஊரு பேரு மட்டும் வேணாம்" என்றாள்.

௨

முதல் தொடக்கம்: பனி இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில் சுபஸ்ரீ பூண்டுப் பாத்தியின் நடுவே

அடித்துவிட்டேன். கொடைக்கானல் என்றால் பனியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? இதில் பனிக்கு ஒரு வேலையும் இல்லை.

இரண்டாவது: அந்தச் சொல்லில் பாதி எழுத்து, பாதி எண்

இதுவும் வேண்டாம். அந்தச் சொல்லிலிருந்து தொடங்கினால் அதுவே கதாநாயகி ஆகிவிடும்.

மூன்றாவது நிற்கட்டும்: ஓடையில் தண்ணீர் வரவில்லை.

பூண்டு மண்ணுக்குள் திரண்டு பருக்கிற பருவம். சுபஸ்ரீ ஓடையைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினாள். புதிதாக வந்த தங்கும் விடுதிக்காரர்கள் ஓடையை மறித்து, தடித்த கறுப்புக் குழாய் போட்டிருந்தார்கள். அங்கேயே நின்று போனில் படம் பிடித்தாள். "இது எங்க தண்ணிங்க. இங்க பூண்டு கருகுது, அங்க நீச்சல் குளம் நெறையுது. கேக்க ஆளில்லையா?" என்று பேசி வலையில் போட்டாள். முகம் தெரியாதவர்களெல்லாம் பகிர்ந்தார்கள்.

அப்படிப் பகிர்ந்த ஒருவரின் பக்கத்தில், படத்துக்குக் கீழே ஒரு பின்னூட்டம் வந்தது. எழுதியவன் கோகுல்ராஜ், அவளுடைய பெரியப்பா மகன். விடுதி விருந்தாளிகளை ஜீப்பில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுகிறவன். பெயரை மறைக்கவில்லை, முகத்தை மறைக்கவில்லை. வார்த்தையை மட்டும் மறைத்திருந்தான்.

௩

(இங்கே ஒரு விளக்கம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் 'a' வருமிடத்தில் 4 போடுவார்கள். 'e'க்கு 3, 'i'க்கு 1, 'o'க்கு 0. மச்சி என்பது m4ch1 ஆகும். விளையாட்டுத்தான், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்தக் கதையின் பிரிவுகளுக்கு நான் போட்டிருக்கும் எண்களையே பாருங்கள்: ௧ என்பது 'க' மாதிரி, ௨ என்பது 'உ' மாதிரி. எண்ணும் எழுத்தும் ஒரே சாயலில் இருப்பது நமக்குப் பழக்கமானதுதான்.

ஆனால் வசைக்காரர்கள் இதில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தார்கள். முழுதாக எழுதினால் இயந்திரம் பிடிக்கும். நடுவில் ஒரு 4, ஒரு @ போட்டால் பிடிக்காது. மனிதர் வாசித்துவிடுவார், இயந்திரம் வாசிக்காது. மனிதரைக் குத்தவும் வேண்டும், கத்தி கையில் இல்லை என்று சொல்லவும் வேண்டும். அதற்குத்தான் இந்த எண்கள்.)

௪

கோகுல்ராஜை எழுதும்போது எனக்குத் தயக்கம் வந்தது. முழுக்கக் கெட்டவனாக எழுதினால் கதை தட்டையாகிவிடும் என்று பழகிப்போன புத்தி சொல்லிற்று. சரி, அவன் பக்கம்: விடுதி மூடினால் ஜீப் சோலி போகும். பயம் இருக்கத்தானே செய்யும்?

இருக்கட்டும். பயந்தவன் குழாயைப் பற்றி எழுதியிருக்கலாம். 'பாப்பா, என் பொழப்பு போயிரும்' என்று எழுதியிருக்கலாம். அவன் எழுதிய அந்த ஒற்றைச் சொல் கேட்டது, புருஷனை இழந்த தங்கை யாரோடு படுத்து இந்தத் தைரியத்தைச் சம்பாதித்தாள் என்று. தண்ணீர் கேட்ட பெண்ணின் படுக்கைக்கு ஏன் போனாய் என்று அவனிடம் கேட்க எனக்கே கை பரபரக்கிறது. கதாசிரியன் நடுநிலையாக இருக்க வேண்டுமாம். இருக்க மாட்டேன்.

சுபஸ்ரீ முதலில் வலைத்தளத்துக்குப் புகார் கொடுத்தாள். 'விதிமீறல் எதுவும் இல்லை' என்று பதில் வந்தது. காவல் நிலையத்தில் ஒருவர் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "என்னம்மா இது, நம்பரால்ல இருக்கு?"

அவனிடமே போனாள். ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே எழுதிருக்க?"

"நான் என்னத்த எழுதுனேன்? வெறும் நம்பர்தானே. நீயா தப்பா வாசிச்சா நான் என்ன செய்ய?"

"தப்பா வாசிச்சேனா? அப்ப சரியா நீ வாசிச்சுக் காட்டு."

"போ பாப்பா, சோலியப் பாரு."

வீட்டுக்கு வந்து, அவன் எண்களை எடுத்துவிட்டு எழுத்துகளைப் போட்டாள். 'என் அண்ணன் என்னை இப்படிச் சொல்லியிருக்கிறார்' என்று அந்தச் சொல்லை முழுதாக எழுதி, தன் பக்கத்தில் போட்டாள். 'ஆபாசமான சொல்லைப் பயன்படுத்தியதற்காக' அவள் கணக்கு முடக்கப்பட்டது. குழாயைக் காட்டிய படமும் அதோடு போயிற்று.

இந்த இடத்தில் அழகாக ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். கோபம்தான் வந்தது, வாக்கியம் வரவில்லை.

௫

உங்களுக்கு இன்னும் அந்தச் சொல் என்னவென்று தெரியாது. கதையை முதலில் கொடுத்த பத்திரிகையின் ஆசிரியர், "நடுவில் ரெண்டு நட்சத்திரம் போட்டுருங்க சார், நாகரிகமாக இருக்கும்" என்றார். நட்சத்திரம் போட்டால் எனக்கும் கோகுல்ராஜுக்கும் என்ன வித்தியாசம்? முழுதாக அச்சிட்டால், வாசிக்கிற ஒவ்வொருவரும் அவளை இன்னொரு முறை...

சுபஸ்ரீயிடமே கேட்டேன். "எழுதுனா முழுசா எழுதுங்க. இல்லன்னா எழுதாதீங்க. நடுவுல பொட்டு வச்சு மூடாதீங்க."

எழுதவில்லை.

௬

அவள் கணக்கு போன பிறகு ஊரில் கிராம சபை கூடியது. பள்ளிக்கூட வளாகத்தில் பாய் விரித்திருந்தார்கள். குழாய் விஷயத்தைச் சுபஸ்ரீ எழுப்பினாள். பின்வரிசையில் இருந்து கோகுல்ராஜ் சொன்னான்: "இவளுக்கு வேற வேலை இல்லங்க. போன்லயே கெடக்கிறவ."

அவள் எழுந்து நடந்து போய், அவன் எழுதியதைப் படமெடுத்து வைத்திருந்த போனை அவன் கையில் வைத்தாள்.

"வெறும் நம்பர்தானேண்ணே? சபையில வாசி. நம்பருன்னா நம்பராவே வாசி."

சிலர் சிரித்தார்கள். அவன், "எம்... நாலு..." என்று ஆரம்பித்து நின்றான். வாய்விட்டுச் சொன்னால் கேட்பவர்கள் காதில் எண்கள் தாமாகவே எழுத்தாகிவிடும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு அடங்கியது.

அவன் அம்மா ராக்காயி முன்வரிசையில் இருந்தாள். பள்ளிக்கூடம் போகாதவள். "ஏலே, என்னத்த எழுதிருக்க? வெரசா வாசிலே, எல்லாரும் பாக்காக" என்றாள்.

அவன் வாசிக்கவில்லை. போனைப் பாய்மேல் போட்டுவிட்டு வெளியே போனான். ஜீப் கிளம்பிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

௭

முடிவுகளைப் பார்ப்போம்.

அவன் திரும்பி வந்து காலில் விழுந்தான் என்று எழுதலாம். விழவில்லை. தாய் அவனை அறைந்தாள் என்று எழுதலாம். கைதட்டல் கிடைக்கும், ஆனால் நடக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்: பின்னூட்டம் அன்றைக்கே காணாமல் போயிற்று. குழாயை எடுக்கச் சொல்லிச் சபை தீர்மானம் போட்டது. நான் இதை எழுதும்வரை குழாய் அங்கேதான் கிடக்கிறது. சுபஸ்ரீ வேறு பெயரில் கணக்குத் தொடங்கி, ஓடையை மறுபடியும் படமெடுத்துப் போட்டிருக்கிறாள். கோகுல்ராஜ் அவள் வீட்டு வழியாக ஜீப்பை ஓட்டுவதில்லை, சுற்றிப் போகிறான்.

ஆனால் ஜீப் போன பிறகு, சபை கலைவதற்கு முன்னால், ஒன்று நடந்தது. ராக்காயி எழுந்து வந்து பாய்மேல் கிடந்த போனை எடுத்தாள். வெளிச்சமான அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுபஸ்ரீயிடம் நீட்டினாள்.

"எம்மவன் உன்ன என்னன்னு சொல்லிருக்கான்? நீ வாசி தாயி. எனக்குத் தெரியணும்."

வாசித்தாளா என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தபடி, "நீங்களா இருந்தா என்ன செய்வீக?" என்று கேட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். பிறகு போனில் பேசியபோதும் அதைச் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. வாசித்தால் தன் வாயாலேயே தன்னை அந்தச் சொல்லால் சொல்ல வேண்டும். வாசிக்காவிட்டால் ஒரு தாய் தன் மகனை அறியாமலே வீட்டுக்குப் போவாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

ராக்காயி கையை நீட்டியபடி நிற்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.