மெழுகில் ஒரு கீறல்

தன் நாக்கின் ஒரு துண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வேலை மேசையின் மேல் வைத்தார் காயில்காரர். தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் சட்டம். அதன் மேல் உறைந்த வெள்ளை மெழுகு. மெழுகுக்குள் அரிசி அளவில் பழுப்பாக ஒரு பொட்டு. ஒரு மாதத்துக்கு முன்பு வரை அவர் வாய்க்குள் இடது ஓரமாக இருந்து, எரிந்து, புண்ணாகி, கடைசியில் கத்திக்குப் போன சதை அது. ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். சட்டத்தின் விளிம்பில் பென்சிலால் ஏதோ எண் எழுதியிருந்தது. அதைத்தான் அவர் வெகுநேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பென்சிலால் எழுதியதை எவன் வேண்டுமானாலும் அழித்துவிட்டு வேறு எழுதலாம்.

மின்மோட்டார்களுக்குக் காயில் கட்டும் தொழில் அவருக்கு நாற்பத்தைந்து வருஷப் பழக்கம். அந்தத் தெருவில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. காயில்காரர் கடை எது என்றால் எல்லோரும் கை காட்டுவார்கள். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆள் யாரையும் லேசில் நம்பமாட்டார். கடைக்கு வரும் எந்த மோட்டாரானாலும் மூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக உள்பக்கம் இரும்பு ஊசியால் தன் அடையாளத்தைக் கீறிவிடுவார். இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. வேறெங்கோ கருகிய மோட்டாரைத் தூக்கி வந்து, நீங்க கட்டினதுதான், ஒரு மாசம்கூடத் தாங்கல என்று மல்லுக்கு நிற்பவர்களிடம் அவர் வாதாடியதே கிடையாது. மூடியைக் கழற்றி, "என் கோடு எங்க? காட்டு" என்பார். வந்தவர்கள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

முந்தின நாள்தான் டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருந்தார். கட்டியை எடுத்தாயிற்று, கழுத்துக்குப் பரவவில்லை. ஆனால் வெட்டிய இடத்தில் ஒரு பக்கம் மட்டும் நல்ல சதை போதுமான அகலத்துக்கு இல்லை. கதிர் வைத்தியம் கொடுப்பதா வேண்டாமா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு ஜீன் இருக்குங்க. செல்லு கண்டபடி பெருக ஆரம்பிச்சா, அதை நிறுத்தி வைக்கிறதுதான் அதோட வேலை. பி ஐம்பத்துமூணுன்னு சொல்லுவோம்."

"பேரிங் நம்பர் மாதிரி இருக்கு" என்றார் காயில்காரர். ஓரம் வெட்டிய நாக்கு எழுத்துகளைக் கொஞ்சம் நசுக்கித்தான் வெளியே விட்டது.

டாக்டர் சிரித்தார். "அந்த ஜீன் கெட்டுப்போயிருந்தா நோய் திரும்ப வர வாய்ப்பு ஜாஸ்தி. கெடாம இருந்தா கொஞ்சம் தைரியமா இருக்கலாம்."

"லோடு ஏறினா கரண்ட்டை வெட்டி விடுமே, ரிலே. அதுவா?"

"அதேதான்."

"அதுல எவனாவது கம்பியைப் போட்டு முறுக்கி விட்டா காயில் கருகிடும்."

"உங்களுக்கு அப்படி முறுக்கியிருக்கான்னுதான் பாக்கணும்" என்றார் டாக்டர். முறுக்கினவன் யாரென்று காயில்காரருக்குத் தெரியாதா என்ன? நாற்பது வருஷம் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு கம்பி சுற்றியவர் அவர்தானே. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தடவை சோதித்து, சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது இந்த ஒரு மெழுகுத் துண்டுதான். பெரிய சோதனைக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். அங்கும் தெரியாமல் போனால் எதற்கும் இருக்கட்டுமென்று கதிர் கொடுத்துவிடலாம் என்றார் டாக்டர். முப்பது நாள். வாயில் எச்சில் வற்றிவிடும். அதற்கு முன்னால் கீழ்வரிசையில் ஆடும் பற்களைப் பிடுங்கியாக வேண்டும். மற்றதெல்லாம் காயில்காரருக்குப் பெரிதாகப் படவில்லை. பல் என்றதும்தான் திக்கென்றது. சுற்றிய கம்பிக் கற்றையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டும் நூலின் மறுமுனையைப் பல்லில் கவ்வி இழுத்தால்தான் முடிச்சு விழும். அவர் தொழிலில் பல் மூன்றாவது கை.

ஆகவே அந்தப் பொட்டு மாறிப்போய்விடக் கூடாது. தினமும் நூறு பேருடைய துண்டுகள் வந்து குவியும் இடம். எல்லாம் ஒரே வெள்ளை மெழுகு, ஒரே பென்சில் எழுத்து. எவனோ ஒருத்தனுடைய ஜீனை இவர் தலையில் கட்டிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? கை பழக்கத்தில் ஊசியைத் தேடி எடுத்தது. பழுப்புப் பொட்டின் மேலேயே, நிதானமாக, இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. ஊதிவிட்டுப் பார்த்தார். நோய் வந்த பிறகு அன்றைக்குத்தான் முதன்முறையாக மனசு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. சோதனைக்கூடத்துக்கு மகளும் கூட வந்திருந்தாள். ஆயத்த ஆடைக் கடை ஒன்றில் உடுப்புகளை அளவுக்குத் தகுந்தபடி பிரித்துத் தைக்கிறவள், அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கும் மகள் வயதுதான் இருக்கும். மெழுகை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"யாருங்க இதைக் கீறினது?"

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் யாரென்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாத கோடா அது?

"நான்தான்" என்றார் காயில்காரர். "மாறிப்போயிடக் கூடாதுல்ல."

"ஐயா, இதை முடியை விட மெல்லிசா சீவிச் சீவித்தான் சோதிப்போம். நீங்க கீறினது மெழுகை மட்டும் இல்ல, சதையையும் சேர்த்து. இருக்கிறதே இத்தனூண்டு. உங்க கோட்டைத் தாண்டி அடியில ஏதாவது மிஞ்சினாத்தான் பதில் சொல்ல முடியும். மிஞ்சலேன்னா..." அவள் வாக்கியத்தை முடிக்காமல் சட்டத்தை ஒரு சின்னப் பைக்குள் போட்டாள். "பத்து நாள் கழிச்சு வாங்க."

தெருவுக்கு வந்ததும் மகள் விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். அப்புறம், "ஊர்ல இருக்கிற மோட்டாரெல்லாம் பத்தலேன்னு நாக்குலயும் கையெழுத்துப் போட்டாச்சு" என்றாள்.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"நாக்கை வெட்டினாங்களே தவிர உங்க கொழுப்பை வெட்ட முடியலப்பா."

வேறு நாளாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்றைக்கு அவள் பின்னால் நடந்தார். அவள் முந்தி முந்திப் போவதும், தெரு முனையில் நின்று அவர் வருகிறாரா என்று பார்ப்பதும், பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக வீடு வரை போனார்கள்.

அந்தப் பத்து நாளும் கடையைத் திறந்தார், மூடினார். நாலாம் நாள் ஒரு தண்ணீர் பம்பு வந்தது. மூடியைக் கழற்றி ஊசியைக் கையில் எடுத்தவருக்கு அதை இரும்பின் மேல் வைக்க மனம் வரவில்லை. அடையாளம் இல்லாமலேயே கட்டிக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் அப்படி வெளியே போன முதல் மோட்டார் அது. பாழாய்ப்போன ஊசி மெழுகைக் கீறிய அன்றைக்குக் கைக்கு அகப்படாமல் இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனை தரம் நினைத்தாரோ. நோய் வந்ததைக்கூட விதி என்று தள்ளிவிடலாம். இது சொந்தக் கையால் செய்தது. வேலைக்கு நடுவே கீழ்வரிசைப் பற்களை வெட்டுப்பட்ட நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டார்.

பதினோராம் நாள் அதே பெண் ஒட்டிய உறையை நீட்டினாள். "உங்க கோடு இப்ப இல்ல ஐயா. சீவிச் சீவி அத்தனையும் போயிருச்சு. அடியில துளியூண்டு மிஞ்சுச்சு. அதுலதான் பாத்தேன். விவரத்தை டாக்டர் சொல்லுவாரு."

"அப்ப அது என்னோடதுதான்னு எதை வச்சு நம்புறது?"

"அப்பா!" என்றாள் மகள்.

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "காட்டுறதுக்கு ஒண்ணும் இல்லதான். உங்க கீறலைப் பாத்துப் பயந்துபோய், அதை வேற யார் கையிலயும் குடுக்கல நான். சீவினதும் நான், சாயம் ஏத்தினதும் நான். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

கையுறையைக் கழற்றியிருந்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் கத்தி பட்டு ஆறிய வெள்ளைக் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. காயில்காரரின் விரல்களில் தாமிரக் கம்பி அறுத்த தழும்புகளும் அப்படித்தான் இருக்கும். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உறையை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "வரேம்மா" என்றார்.

டாக்டர் உறையைக் கிழித்துப் படிக்க ஆரம்பித்தார். காயில்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் தலைக்கு மேல் சுற்றிய விசிறியைப் பார்த்தார். கரகரவென்று சத்தம். அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, ஆறு மாதமாவது ஆகியிருக்கும். பக்கத்து நாற்காலியில் மகள் கைப்பையின் வாரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"ஜீன்ல மாற்றம் எதுவும் இல்ல" என்றார் டாக்டர். "உங்க ரிலேயை யாரும் முறுக்கல. கதிர் இப்போதைக்கு வேண்டாம்."

வாரைச் சுற்றிய மகளின் விரல்கள் நின்றன. விசிறிதான் கரகரத்தது.

"ஆனா இதை மட்டும் வச்சு முடிஞ்சுபோச்சுன்னு சொல்லமாட்டேன். ரிலே நல்லா இருந்தும் கருகின மோட்டாரைப் பாத்திருப்பீங்க."

"பாத்திருக்கேன்."

"அதனால ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து வாயைக் காட்டணும். புகையிலைப் பக்கம் தலைவச்சும் படுக்கக் கூடாது."

தலையை ஆட்டினார். மகள் அவரையே பார்த்தபடி இருந்தாள். அடுத்து என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். எல்லாம் சரி, அந்தத் துண்டு என்னோடதுதானா என்று டாக்டரிடமும் கேட்பார், டாக்டர் எரிந்து விழுவார். கேள்வி அவருக்கு வராமல் இல்லை. தொண்டை வரைக்கும் வந்தது. வந்த வழியே அதை விழுங்கினார்.

"அப்ப பல்லு?"

"உங்க வாயிலேயே இருக்கட்டும்."

மகள் பக்கென்று சிரித்தாள். சிரித்த வேகத்தில் கண்ணீர் கொட்ட, கைப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். காயில்காரருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மறுபடியும் மேலே பார்த்தார். "உங்க ஃபேனுக்கு புஷ் போயிருச்சு. கழட்டிக் குடுத்தனுப்புங்க, மாத்தித் தரேன்."

"கீறாம தருவீங்கன்னா அனுப்புறேன்" என்றார் டாக்டர். அறிக்கையில் அதையும் எழுதியிருந்தார்கள் போல.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மகள் போனில் கணவனைக் கூப்பிட்டு, "ஒண்ணுமில்லையாம்... ஆமா, கதிர் வேணாமாம்... இருக்காரு, பக்கத்துலதான், பல்லெல்லாம் பத்திரமா இருக்கு" என்றாள். வீட்டுக்கு வந்து மிச்சத்தைச் சொல்கிறேன் என்று போனை மடியில் வைத்தாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தூங்கிவிட்டாள். தலை மெதுவாகச் சரிந்து அவர் தோளில் வந்து நின்றது. வாய் திறந்துகொண்டது.

இத்தனை நாளும் ஆளாளுக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு அவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். இன்றைக்கு அவர் எட்டிப் பார்த்தார். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக அவள் வாய்க்குள் நேராக விழுந்தது. பின்னால் ஒரு கடைவாய்ப் பல்லின் குழியைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தது. நாக்கு ஈரமாக, இளஞ்சிவப்பாக, இரண்டு ஓரமும் ஒரே சீராகக் கிடந்தது. மூச்சுக்கு மூச்சு லேசாக ஏறி இறங்கியது. இதே வாய் பால்பல் விழுந்த காலத்தில் ஒவ்வொரு தடவையும் அந்த ஓட்டையைக் காட்ட ஓடி வரும். கம்பி சுற்றும்போது கணக்கு விட்டுப்போகும் என்று அவர் நிமிர்ந்தும் பார்த்ததில்லை.

அவர்கள் இறங்கும் இடம் வந்தது. நாலைந்து பேர் இறங்கினார்கள். தினமும் கடை வாசலில் பார்க்கிற முகம் என்பதால் ஓட்டுநர் முன்னாலிருந்த கண்ணாடியில் அவரைப் பார்த்து, இறங்கலையா என்று தலையை ஆட்டிக் கேட்டார். காயில்காரர் தோள் அசையாமல் மறு கையை மட்டும் தூக்கி, போ என்று புறங்கையை வீசிக் காட்டினார். கதவு மூடிக்கொண்டது. அவர் கடையும், பூட்டிய கதவுக்கு முன்னால் யாரோ இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்த ஒரு மோட்டாரும் ஜன்னலைக் கடந்து பின்னால் போயின. அவர் இதுவரை போயிராத தெருக்களின் பக்கம் பேருந்து திரும்பியது. அவள் முகத்தில் வெயில் அடிக்காதபடி காயில்காரர் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.