மகள் படுக்கும் பக்கம்

நிரஞ்சலா இடப்பக்கம் திரும்பிப் படுத்து நாலு மாதமாகிறது. மடுல்சீமை மலையில், மழைக்குள் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது வழுக்கிக் கல்லில் விழுந்தாள். இடது விலாவில் இரண்டு எலும்புகள் விரிசல் விட்டன. எலும்பு கூடிவிட்டது என்று படம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பக்கம் சாய்ந்தால் மூச்சு பாதியில் நின்றுவிடும்.

அந்தப் பக்கத்தில்தான் மூன்று வயது மகள் படுப்பாள். வலப்பக்கம், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் சுவர். எந்நேரமும் ஈரம் கசியும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும். தலைமாட்டை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்றான் கணவன் ஜீவன். வடக்கே தலை வைக்க இந்த வீட்டில் ஒருத்தரையும் விடமாட்டேன் என்று மாமியார் பெரியாயி ஒரே பிடியாக நின்றாள். ஆக, பிள்ளைக்குத் தாயின் முதுகுதான் கிடைத்தது. முதலில் "அம்மா, இங்கிட்டு திரும்பு" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது கேட்பதையும் விட்டுவிட்டாள். நிரஞ்சலாவால் தாங்க முடியாதது அதுதான்.

பதுளையில் யோகா மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் கேசினி யாழ்ப்பாணத்துக்காரி. துவாயை விலாவைச் சுற்றிப் போட்டு, மூச்சு இழுக்கையில் அது விரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தாள். நிரஞ்சலாவும் தவறாமல் செய்தாள். துவாய் ஒரு நூல்கூட அசையவில்லை. மறுமுறை போனபோது கேசினி செய்துகாட்டச் சொன்னாள்.

நிரஞ்சலா துவாயைச் சுற்றினாள், இழுத்தாள், முடிச்சுப் போட்டாள். மலைக்குப் போகையில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டுகிற அதே கட்டு. செடி கிழிக்கக் கூடாது, பனி நனைக்கக் கூடாது, அவிழவே கூடாது.

"அக்கா, கொழுந்தெடுக்கவோ வெளிக்கிடுறியள்?"

நிரஞ்சலா சிரிக்கப் போய் விலாவைப் பிடித்துக்கொண்டாள். "பழக்கம் மிஸ். கை தானா இறுக்கிருது."

கேசினி முடிச்சை அவிழ்த்து, முனைகளை அவள் கையில் கொடுத்தாள்.

"மூச்சு வரேக்க நீங்கள்தான் இடம் விடவேணும். தள்ளாதேங்கோ, விடுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மலையிலிருந்து இறங்கிய மூடுபனி, கதவு திறந்திருந்ததால் உள்ளேயும் வந்துவிட்டது. நிரஞ்சலா சுவரைப் பார்த்துப் படுத்து, இடது கையைத் தலைக்கு மேலே நீட்டி, மூச்சை மெல்ல இழுத்தாள். ஈரத்தில் ஊறிய கூடைப் பிரம்புகள் போல விலா ஒவ்வொன்றாக இளகி விலகியது. இடைவெளிகளில் வெள்ளையாக என்னவோ நிரம்பியது. மூச்சா, பனியா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூச்சை விட்டால் எதிரே சுவர் மறைந்தது. இழுத்தால் வந்து நின்றது. பெரியாயி பாத்திரம் கழுவும் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலிருந்தது. லயமே கொஞ்சம் எழும்பி, கொஞ்சம் இறங்கியது.

திரும்பவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. உடம்பு தானாகத் திரும்பியது. வலி வந்தது. அதற்கும் இடம் விட்டாள். மூச்சு பாதியில் தயங்கி, வலியை ஒட்டினாற்போல் நகர்ந்து, அடிவரை போனது.

எதிரே மகளின் முகம், அரைத் தூக்கத்தில்.

"ஒம்மூச்சு சுடுதும்மா" என்றாள், கண்ணைத் திறக்காமலே. சொல்லிவிட்டு இன்னும் கிட்ட வந்து படுத்தாள்.