பதினோரு வினாடிக் குரல்

காலை ஒன்பது மணிக்குச் சொலோங்கோவின் குரல் போனில் வந்துவிடும். "அக்கா, நல்லா இருக்கேன். தேநீர் குடிச்சேன். வேற எதையும் தொடல." பதினோரு வினாடி. அதைக் கேட்ட பிறகுதான் உயங்கா மற்ற வேலையைத் தொடுவாள். மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரின் வடக்கு மேடுகளில் சுற்றும் மருத்துவ வேனில் அவள் செவிலி. வோட்காவோடும் புருஷனின் கையோடும் மல்லுக்கட்டும் முப்பது பெண்கள் அவளுக்குத் தினம் இப்படிக் குரல் அனுப்புகிறார்கள். சொலோங்கோ குடியை விட்டு நாற்பது நாளாகியிருந்தது.

அன்று குரலுக்குப் பின்னால் ஒரு நாய் இரண்டு முறை குரைத்தது. வாளி ஒன்று உருண்டது. எங்கோ கேட்டதுபோல் இருக்கவே, உயங்கா முந்தைய நாளின் குரலைப் போட்டாள். நாய், வாளி. அதற்கும் முந்தைய நாள். நாய், வாளி.

எட்டு நாளாக ஒரே குரல்.

கூப்பிட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. வேன் ஓட்டும் பூரெவிடம் ஓடினாள்.

"பூரெவ் அக்கா, வண்டியை எடுங்க."

குளிர்கால அடுப்புகளின் கரிப்புகை பகலையே விழுங்கியிருந்தது. "இந்தப் புகையில என் பழைய புருஷன் எதிர்ல வந்தா இடிச்சுட்டுப் போயிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் பூரெவ், ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு. உயங்கா சிரிக்கவில்லை.

சொலோங்கோ வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம். அதை ஒட்டிப் பூட்டிய செங்கல் அறை. அவள் புருஷன் கன்சுக் விறகு வெட்டிக்கொண்டிருந்தான்.

"அவ அம்மா வீட்டுக்குப் போய் எட்டு நாளாச்சு. பஸ் ஏத்திவிட்டதே நான்தான்" என்றான் சிரித்தபடி. "உள்ள வாங்க, தேநீர் குடிச்சுட்டுப் போங்க."

"அக்கா, நல்லா இருக்கேன்."

பூட்டிய அறைக்குள்ளிருந்து வந்தது குரல். தெளிவாக, சந்தோஷமாக. நாய் குரைத்தது, முற்றத்து நாயோ வாய் திறக்காமல் படுத்திருந்தது. வாளி உருண்டது. பிறகு மறுபடியும், "அக்கா, நல்லா இருக்கேன்."

கன்சுக்கின் முகம் சாம்பலாயிற்று. சொலோங்கோவிடம் போன் இருப்பது அவனுக்குத் தெரியாது.

"கோடாலியைக் கீழ போடுடா" என்றாள் பூரெவ். அவள் கையில் வண்டியின் இரும்புக் கம்பி இருந்தது. அவன் போட்டுவிட்டுப் புகைக்குள் ஓடினான். பூரெவ் பூட்டை உடைத்தாள்.

அணைந்துபோகவிருந்த அடுப்பருகே காலி பாட்டில்களுக்கு நடுவில் சொலோங்கோ உட்கார்ந்திருந்தாள். தாடை ஒரு பக்கமாக இறங்கி வீங்கியிருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. போன் மட்டும் அவள் மடியில் அவளுக்காகப் பேசிக்கொண்டேயிருந்தது. உயங்கா குனிந்து அதை நிறுத்தினாள்.

தாடையைக் கம்பியால் கட்டிய மறுநாள், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து உயங்கா கேட்டாள்: "காப்பாத்துங்கன்னு ஒரு வார்த்தை தட்டியிருக்கலாமே, தங்கச்சி?"

சொலோங்கோ காகிதத்தில் எழுதினாள்: "தாடையை உடைச்சான். தினம் ஒரு பாட்டில் உள்ள வச்சிட்டுப் பூட்டுவான். வலி தாங்காம குடிச்சேன். தெரிஞ்சா உங்களுக்கு மனசு விட்டுப்போயிடும்னு, நல்லா இருந்த அன்னிக்குப் பேசினதையே அனுப்பினேன்."

கன்சுக்கை மூன்றாம் நாள் போலீஸ் பிடித்தது. சொலோங்கோ பெண்கள் காப்பகத்துக்குப் போனாள். வசந்தத்தில் ஒருநாள் அவள் குரல் வந்தது, குழறலாக: "அக்கா, நேத்து குடிச்சுட்டேன்."

உயங்கா உடனே கூப்பிட்டாள். "சொன்னியே, அது போதும். நான் கிளம்பிட்டேன். அங்கேயே இரு."