‘போறேன்’னு சொல்லக்கூடாது

“போறேம்பா. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வரேன்” என்றேன். அப்பா கட்டிலில் படுத்தபடியே தலையாட்டினார். பக்கத்தில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த அத்தைக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. கத்தியைத் தட்டில் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துத் தரதரவென்று வார்டுக்கு வெளியே இழுத்து வந்தாள். அப்பாவுக்கு அக்கா அவள். அப்பாவுக்கே வயது எழுபதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் அவள் பிடி மட்டும் இரும்பு.

“விடிஞ்சா ஆபரேஷன். வந்து நின்னு போறேங்கிறியே, உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடி? போயிட்டு வரேன்னு சொன்னா முத்தா உதிர்ந்துடும்?”

“போறேன்னு சொன்னேன். எப்ப வருவேன்னும் சொன்னேன். ரெண்டும் உண்மைதானே அத்தை?”

“பார்த்தியாடா இவளை!” என்று அத்தை அண்ணனிடம் திரும்பினாள். பிளாஸ்கோடு வந்துகொண்டிருந்த அண்ணன் எப்போதும்போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சுலபமான பக்கத்துக்குச் சாய்ந்தான். “நாளைக்கு நீ வீட்டுலயே இரு. இங்க எல்லாரும் டென்ஷன்ல இருப்பாங்க. முடிஞ்சதும் நானே போன் பண்றேன்.”

அண்ணன் போன் பண்ணுகிறேன் என்றால் பண்ணமாட்டான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, பல வருஷத்து அனுபவம்.

எனக்கு ஆட்டிசம். முப்பது வயதுக்கு மேல்தான் ஒரு டாக்டர் பார்த்துச் சொன்னார். “வாய்த்துடுக்குக்கு இப்ப இங்கிலீஷ்ல ஒரு பேரா?” என்று அத்தை கேட்டாள். அதற்கு முன்பும் எனக்குப் பேர்களுக்குப் பஞ்சமில்லை. திமிர் பிடித்தவள், அழுத்தக்காரி, மரக்கட்டை. வேலை பார்ப்பது பஸ் டெப்போவில், நேர அட்டவணைப் பிரிவில். ‘பஸ் வரும்’ என்று மட்டும் எழுதி அங்கே ஒரு பலகையை மாட்டிவிட முடியாது, ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள். அதே ஜனங்கள்தான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ‘வரேன், வரேன்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறார்கள். குழாய் ரிப்பேர்காரர் “இதோ வந்துட்டே இருக்கேன்” என்பார், படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். “அவசியம் ஒரு நாள் வீட்டுக்கு வாங்க” என்பார்கள். நான் போயிருக்கிறேன். கதவைத் திறந்துவிட்டுத் திருதிருவென்று விழிப்பார்கள். இதெல்லாம் சும்மா சொல்வது என்று மற்றவர்களுக்குப் புரிகிறதாம். புரியட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. சும்மா சொல்கிறவர்கள் நல்லவர்கள், மணியோடு சொல்கிற நான் விளங்காதவள் என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

சின்ன வயதில் என் மாமா ஒருவர் கன்னத்தைக் கிள்ளி “போயிட்டு வரேண்டா கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஷூவைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். கூப்பிட்டவர்களுக்கெல்லாம் “மாமா வரேன்னாரு” என்றேன். தெருவிளக்கு எரிய ஆரம்பித்ததும் அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்களைப் போலச் சிரிக்கவில்லை. “அவன் வரமாட்டாம்மா. அது ஒரு பேச்சுக்குச் சொல்றது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். வரேன்னா மணியோட சொல்லுவேன்” என்றார். அன்றிலிருந்து மணியோடுதான் சொல்லிவருகிறார். பஞ்சரானாலும் மழை கொட்டினாலும் சொன்ன நேரத்துக்கு முன்பே ‘லேட்டாகும்’ என்று போன் வந்துவிடும்.

காலையில் ஆறு மணிக்குப் போய்விட்டேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேனே.

அத்தை என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். “வந்துட்டியா? சரி, ஒண்ணே ஒண்ணுதான். அவன் உள்ள போறப்ப ‘போயிட்டு வாங்கப்பா’ன்னு சொல்லு. முடியலையா, வாயைத் திறக்காத.”

ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் அந்தப் பக்கம் வந்தார். “அப்பா எத்தனை மணிக்கு வெளியே வருவார்?” என்று கேட்டேன். “திறந்து பார்த்தாத்தாம்மா தெரியும். அவர் வயசுக்கு எதுவும் உறுதியா சொல்ல முடியாது” என்றார். அண்ணனுக்கு அவரைப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

ஸ்ட்ரெச்சர் வந்தது. எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். “தைரியமா போயிட்டு வா தம்பி.” “ஒண்ணும் ஆகாதுப்பா, சாயந்திரம் எழுந்து உட்கார்ந்துடுவீங்க.” அண்ணனுக்கு இது எப்படித் தெரியும்? அத்தையின் விரல்கள் என் முழங்கையை நெரித்தன. “சொல்லுடி” என்று காதுக்குள் சீறினாள்.

நான் சொல்லவில்லை. வாயில் வராமல் இல்லை, நான்கு சொற்கள்கூட இல்லாத வாக்கியம் அது. இத்தனை வருஷம் அவர் எனக்குக் கொடுக்காத பொய்யை, இந்த வாசலில் வைத்து நான் அவருக்குக் கொடுக்கமாட்டேன்.

அப்பா தலையைத் திருப்பினார். கண்ணுக்குக் கண் பார்ப்பது எனக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும், அதனால் என் கையைப் பார்த்தார்.

“போறேம்மா” என்றார்.

அவ்வளவுதான். மணி சொல்லவில்லை.

“டேய்!” என்று அத்தை அலறினாள். எனக்கு உடம்பெல்லாம் பயம். எப்போது வருவோம் என்று அவருக்குத் தெரியவில்லை, தெரியாததை என்னிடம் சொல்ல மாட்டார். அந்தக் கூட்டத்தில் என்னைப் பெரிய மனுஷியாக நடத்தியவர் அவர் ஒருவர்தான்.

“சரிப்பா. நான் இங்க இருக்கேன்.”

“எத்தனை மணி வரைக்கும்?” அவர் வாயோரம் லேசாகக் கோணியது. அது அவருடைய சிரிப்பு.

“இந்தக் கதவு திறக்கற வரைக்கும்.”

தலையாட்டினார். உள்ளே கொண்டுபோனார்கள். கதவு இரண்டு முறை ஆடி நின்றது.

“கடைசி வரைக்கும் சொல்லலையே பாவி!” என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். “சொல்லமாட்டேன் அத்தை. இனிமேலும் சொல்லமாட்டேன்” என்றேன். எல்லோருக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் அவளைக் கேன்டீனுக்கு அழைத்துக்கொண்டு போனான். “இதோ வந்துடறோம்” என்றான்.

அப்பாவின் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்திருந்தார்கள். எடுத்துக் கதவோரம் தரையில் வைத்தேன், வெளியே வருகிறவர் அப்படியே கால் நுழைக்கிற மாதிரி. ஆபரேஷன் முடிந்தவர் நடந்து வரமாட்டார் என்று எனக்கும் தெரியும்.

நர்ஸ் ஒருத்தி தட்டோடு வந்தாள். “வழியில செருப்பு வைக்கக்கூடாதும்மா. எடுங்க.”

“எடுக்கமாட்டேன்.”

அவள் செருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, மிதித்துவிடாமல் ஒரு எட்டு தாண்டி வைத்து, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.