வெண்பாழில் கிணறு இல்லை

வெண்பாழ் என்னுடைய நாடு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில், ஆள் வராத மதியங்களில் உட்கார்ந்து இரண்டு வருடமாக அதை வரைந்தேன். நாற்பத்திரண்டு ஏ-ஃபோர் தாள்களை ஒட்டினால்தான் முழு நாடும் கண்ணுக்குத் தெரியும். வடக்கே போகப் போகக் குளிர் கூடும். ஊசிக்கணவாய், பேசாமலை, மூச்சுறைப் பள்ளம் என்று ஒவ்வொன்றுக்கும் நான்தான் பெயர் வைத்தேன். சிறுமலையைத் தூக்கிக் கவிழ்த்துப் பேசாமலையைச் செய்தேன். ஆடிக்காற்றை நாலு மடங்காக்கி அதன்மேல் ஏவிவிட்டேன். நான் பனிக்கட்டியை ஜூஸ் டம்ளருக்குள் பார்த்ததோடு சரி, கரூருக்கு வடக்கே போனதே இரண்டு தடவைதான். அதற்காக நாடு செய்யக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

ஒரு கல்லூரிப் பெண் பிரிண்ட் எடுக்கக் கொடுத்துவிட்டு, வாங்க வராமலே போன விளையாட்டு விதிப் புத்தகம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். விளையாட்டு எளிது. நான் ஓர் இடத்தைச் சொல்வேன். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு கற்பனை வீரனாக அங்கே நிற்பார்கள். என்ன செய்கிறாய் என்று கேட்பேன், சொல்வார்கள். நடக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை சொல்லும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தரையில் வரைபடத்தை விரிப்போம். மருந்துக்கடை ஆனந்த்ராஜ் வருவார். பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிற டெய்சி வருவாள். எரியோட்டிலிருந்து கருப்பணன் பைக்கில் வருவான்.

கருப்பணனுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிற வேலை. பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர், ஒரு நாளைக்கு எட்டு நடை. வேடசந்தூர் பக்கத்துத் தெருக்களில் அவன் லாரியைக் கண்டதும் குடங்கள் ஓடிவரும், சண்டையும் கூடவே வரும். வாயைத் திறந்தால் வம்பு என்று வாரம் முழுக்க மூடியே வைத்திருப்பான். என் கடையில்தான் அது திறக்கும். ஒருமுறை சொன்னான், இங்க வந்து உக்காந்தாத்தான்க்கா நான் வேற ஊரு பாக்குறேன் என்று. அவனுடைய வீரன் பெயர் துடியன். இதற்கு முந்தைய பயணங்களையும் சேர்த்து மூன்று வருடமாக ஒரே வீரன். மற்றவர்கள் சட்டை மாற்றுவதுபோல் வீரனை மாற்றினார்கள், அவன் மாற்றவில்லை.

நான் கொஞ்சம் கறார். விதி என்றால் விதி. வீரன் செத்தால் ஆடுகிறவர் எழுந்து போய்விட வேண்டும். பயணம் முடிந்து அடுத்தது தொடங்கும்போதுதான் திரும்ப வரலாம். இந்தப் பயணம் முடிய இன்னும் ஒன்றரை வருடமாவது ஆகும். சாகப் போகிறவனுக்கு ஒரே ஒரு சலுகை உண்டு. நாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். நான் முழு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அதைக் கடைசிக் கேள்வி என்போம். மிச்சப் பேருக்குப் பயன்படுகிற மாதிரி கேட்பதுதான் வழக்கம்.

வெண்பாழின் பெரிய பயங்கரமாக நான் வைத்தது மிருகங்களை அல்ல, தாகத்தை. ஊசிக்கணவாய் தாண்டிய பிறகு கிணறு இல்லை, ஓடை இல்லை, குளம் இல்லை. கொண்டுபோவதைத்தான் குடிக்க வேண்டும். சறுக்கு வண்டியில் பன்னிரண்டு குடம் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஒவ்வொரு நாளும், எவ்வளவு குடிக்கிறாய் என்று பென்சிலோடு கேட்பேன். மடக்குக் கணக்கில் எழுதி, அழித்து, எழுதி, அவர்கள் தாள்களில் தண்ணீர்க் கட்டம் மட்டும் கிழிந்துபோகிற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. டெய்சியின் வில்லாளிக்குக் காய்ச்சல் வந்தபோது துடியன் தன் பங்கை இரண்டு தடவை விட்டுக்கொடுத்தான். எனக்கு மனசுக்குள் அடித்துக்கொண்டது. ஆனாலும் நான் இளகவில்லை.

பதினோராவது வாரம், சித்திரை வெயில் ஷட்டரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்த மதியம், துடியனின் கட்டம் பூஜ்யத்துக்கு வந்தது. சூரியன் விழுந்ததும் அவன் சாவான் என்று சொன்னேன். கருப்பணன் தலையை ஆட்டினான். எழுந்து போகத் தயாராகிறவன்போல் பைக் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க மனசு வரவில்லை. கடைசிக் கேள்வியைக் கேளப்பா என்றேன்.

அவர்கள் தேடிப்போகிற பேசாமலைக்கு வாசல் எந்தப் பக்கம் என்று கேட்கச் சொல்லி ஆனந்த்ராஜ் அவன் காதைக் கடித்தார். கருப்பணன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பதினோரு வாரமா நடக்குறோம். காலுக்குக் கீழ வெள்ளையாக் கெடக்குதே, அது என்னதுக்கா? நம்ம மில்லுப் பஞ்சு மாதிரின்னு நெனச்சுக்கிட்டேன். போறதுக்கு முன்னாடி சரியாத் தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

ஆனந்த்ராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒரு கேள்வி பாழ்.

"பனிப்பா," என்றேன்.

"பனின்னா?"

முழு உண்மை சொல்ல வேண்டும் என்பது நான் போட்ட விதி. இதுகூடவா தெரியாது என்கிற எரிச்சலோடுதான் வாயைத் திறந்தேன்.

"உறைஞ்ச…" என்று தொடங்கியவளுக்கு அடுத்த சொல் வரவில்லை. பிறகு சொன்னேன். "உறைஞ்ச தண்ணி."

பன்னிரண்டு வருடம் வேதியியல் எடுத்த டெய்சியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனந்த்ராஜ்தான் முதலில் சிரித்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்றார். வெண்ணெய் கையிலா இருந்தது? வெண்ணெய்மேல் பதினோரு வாரம் நடந்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நாடு செய்த எனக்கே தோன்றவில்லை. தண்ணீர் என்றால் எங்கள் ஊரில் ஆழத்தில் இருக்கும், அல்லது லாரியில் வரும். தரையே தண்ணீராக இருக்கும் என்று எந்தக் கணக்கில் நினைப்போம்?

கருப்பணன் சிரிக்கவில்லை.

"எம்புட்டு ஆழம்க்கா?" என்றான்.

ஒரு கேள்விதான் என்று ஆனந்த்ராஜ் தொடங்கினார். அவரை மறித்துப் பதில் சொன்னேன். ஆறு ஆள் ஆழம். ஒரு தாள் என்பது நீளத்தில் இருபது கிலோமீட்டர், அகலத்தில் பதினாலு. டெய்சி போனை எடுத்தாள். பனி கரைந்தால் பாதிதான் தேறும் என்று அவளே கழித்துக்கொண்டாள். அவன் லாரிக்கு எத்தனை நடை என்று வகுத்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து போட்டாள். ஒரு நாளைக்கு எட்டு நடை, ஞாயிறு லீவு கிடையாது என்று வைத்துக்கொண்டாலும், ஒரே ஒரு தாளை அள்ளி முடிக்க அவனுக்கு நாற்பதாயிரம் வருடம் ஆகும் என்றாள்.

நாங்கள் நாலு பேரும் தரையைப் பார்த்தோம். பேனா படாத இடமெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. மை மிச்சமாகட்டும் என்று நான் விட்ட வெள்ளை. சுவரிலிருந்து கல்லாப்பெட்டி வரைக்கும் தண்ணீர். இரண்டு வருடம் வரைந்தும் என் நாட்டை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

கருப்பணனின் முழங்கால் வரைபடத்தின் ஓரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று காலை இழுத்துக்கொண்டான். புத்தகத்தில் கால் பட்டால் செய்வதுபோல, அந்தத் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ஒருத்தரும் சண்ட போட வேணாம்லக்கா இங்க," என்றான்.

தப்பு என்னுடையது என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. கடைசிக் கேள்வி மற்றவர்களுக்காக, கேட்டவன் கணக்கு முடிந்தது என்பதுதானே விதி என்று ஆனந்த்ராஜ் இழுத்தார். என் விதியை எனக்கே படித்துக் காட்டுகிறார். சூரியன் விழுந்தால்தான் சாவு என்று எழுதியிருக்கிறது, இன்னும் விழவில்லை என்றேன். பிறகு அவரே, பச்சையாக அள்ளித் தின்றால் உடம்புச் சூடு இறங்கிவிடும், பார்த்து என்று மருந்துக்கடைப் புத்தியைக் காட்டினார்.

"துடியா, என்ன செய்யுற?" என்று கேட்டேன்.

கருப்பணன் பைக் சாவியைக் கீழே வைத்தான். காலிக் குடத்தை எடுத்து, குனிந்து, வாய்வரைக்கும் பனியை அள்ளுவதாகச் சொன்னான். வண்டியில் மிச்சமிருந்த விளக்கெண்ணெயைப் பற்றவைத்துக் குடத்தை மேலே வைத்தான். உருகுகிறது என்றேன். முதலில் டெய்சியின் வில்லாளிக்குக் கொடுத்தான். அடுத்தது ஆனந்த்ராஜின் வீரனுக்கு. டேங்கர்காரன் எப்போதும் கடைசியில்தான் குடிப்பான் போலிருக்கிறது.

அவன் முறை வந்தது. பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்து, தேய்ந்துபோன அந்தக் கட்டத்தின்மேல் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"எவ்வளவு குடிக்கிற?"

அவன் நாற்பத்திரண்டு தாள்களையும் ஒரு தடவை பார்த்தான்.

"தெரியலக்கா," என்றான். "அளக்கல."

அந்தக் கட்டத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை.