கேட்டில் தொங்கிய குதிரைத்தலை

ஆர்லீன் ஸ்டபில்ஃபீல்டின் அப்பா தன் நானூறு ஏக்கர் நிலத்துக்கு அடியில் இருப்பதையெல்லாம் 1951-ல் ஓர் எண்ணெய்க் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார். விடுவதற்குப் பத்து நிமிடம் ஆனது. ஏஜெண்டின் காருடைய இஞ்சின் மூடிமேல் காகிதத்தை வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார். அது ஆகஸ்டு மாதம். இஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது. மூடி அடுப்புக்கல்லாகக் கொதித்ததால் கை பொறுக்காமல் சீக்கிரம் போட்டுவிட்டார். காரை மட்டும் நிழலில் நிறுத்தியிருந்தால் மனுஷன் படித்துப் பார்த்திருப்பார் என்று அவர் மனைவி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஏழு வருடம் மழை இல்லாமல் போனபோது நிலத்தின் மேல்பாகத்தை ஹாட்செட் குடும்பத்துக்கு விற்றார். கீழ்ப்பாகத்தை விற்கவில்லை. மேற்கு டெக்சாஸில் இது சாதாரணம். புல்லும் மாடும் பாம்பும் ஒருவருக்கு, புல்லின் வேருக்குக் கீழே பூமியின் நடுவரைக்கும் இன்னொருவருக்கு. அப்படி அந்தக் கீழ்ப்பாகம் ஆர்லீனுக்கு வந்தது. கூடவே அந்தக் குத்தகையும் வந்தது.

எண்ணெய் வந்துகொண்டிருக்கும்வரை குத்தகை கம்பெனிக்கு, எட்டில் ஒரு பங்கு நிலத்தடிக்காரருக்கு. பம்ப் தொடர்ந்து அறுபது நாள் நின்றால் குத்தகை தானாகச் செத்துப்போகும். காகிதத்தில் இவ்வளவுதான். இப்போது அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாரும் நாலில் ஒரு பங்குக்குப் புதுக் குத்தகை எழுதுகிறார்கள். எங்கே தோண்டலாம், எந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று தாங்களே நிபந்தனை போடுகிறார்கள். ஆர்லீனால் மட்டும் முடியவில்லை. அப்பா சுட்ட கையோடு போட்ட கையெழுத்தை உயிரோடு வைத்துக்கொண்டு அங்கே ஒரே ஒரு பம்ப் தலையாட்டிக்கொண்டிருந்தது. அல்லது ஆட்டிக்கொண்டிருப்பதாகக் கம்பெனியின் தினசரி அறிக்கை சொன்னது.

அவளுக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரு தடவை ஆலங்கட்டி மழையில் முன்கண்ணாடி உடைந்து விழுந்தும் எல்லாப் பிள்ளைகளையும் மணியடிக்க நான்கு நிமிடம் முன்னதாகவே கொண்டு சேர்த்தாள். மிச்சமிருந்த நான்கு நிமிடத்தில் தலையில் விழுந்த கட்டிகளைப் பொறுக்கி எலுமிச்சைத் தண்ணீர் போட்டுக் குடித்தாள்.

ஜூலை மாதம் ஒரு காலை, கம்பெனியின் குத்தகை ஏஜெண்டு ட்ரென்ட் கிம்ஸி அவள் வீட்டுக்கு வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, தூசி படாத பூட்ஸ், கையில் பீக்கன் பருப்பு போட்டுச் சுட்ட ஓர் இனிப்புப் பலகாரம்.

"ஒண்ணுமில்ல மிஸ் ஆர்லீன், சும்மா ஒரு சம்பிரதாயம். அந்தப் பழைய குத்தகை இன்னும் உயிரோடதான் இருக்குன்னு ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"பம்ப் ஓடுதா?"

"நாள் தவறாம ஓடுது. டெல்பர்ட் தினமும் போய்ப் பாத்து எழுதுறாரே."

"அப்புறம் எதுக்குய்யா கையெழுத்து? மூச்சு விட்டுக்கிட்டு இருக்கிறவன்கிட்ட போய் யாராச்சும் நீ உயிரோட இருக்கியான்னு எழுதி வாங்குவாங்களா?"

ட்ரென்ட் சிரித்தான். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. "யோசிச்சு வையுங்க. வியாழக்கிழமை பம்புக்கு எண்ணெய் கிண்ணெய் போட்டுப் பராமரிக்க ஆள் வர்றாங்க. அப்ப நானும் வந்து வாங்கிக்கிறேன்."

அவன் போனபிறகு ஆர்லீன் பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டித் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது. கம்பெனிக்காரன் காரணமில்லாமல் நல்ல பலகாரம் வாங்குவதில்லை. கம்பெனிக்குப் பம்ப் பார்க்கும் அந்த டெல்பர்ட் ஒன்பது வருடம் அவள் பேருந்தில் வந்தவன். கணக்குப் பாடத்தைக் கேள்வியைப் பார்க்காமலே விடை மட்டும் எழுதி முடித்துவிடுவான். இப்போது ஐம்பது வயதாகிறது. தினமும் காலை லுர்லீன் கடையில் முட்டையும் பிஸ்கட்டும் தின்றுகொண்டே செய்தித்தாளின் குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்புவான். அதற்கும் கேள்வியைப் பார்ப்பதில்லை.

அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு எண்ணெய்க் கிணற்றைப் பார்க்கப் போனாள். வெயில் கொஞ்சம் இருந்தது. முள்வேலிக் கம்பிகள் சூட்டில் நீண்டு தரையில் தொய்ந்து கிடந்தன. மாடுகள் அவற்றைத் தாண்டி அடுத்த பண்ணையில் மேய்ந்துவிட்டு, சாயங்காலம் கம்பி சுருங்குவதற்குள் ஒழுங்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தன.

கிணறு இருக்கும் பண்ணைக்குள் போக ஒரே பாதை. பாதைக்கு ஒரே கேட். கேட்டருகே பண்ணைக்காரன் டப் ஹாட்செட் தொப்பியை முகத்தில் கவிழ்த்து ட்ராக்டர் நிழலில் படுத்திருந்தான். அந்தக் கவுண்டி வட்டாரத்தின் புளுகுப் போட்டியில் இரண்டு முறை முதல் பரிசு வாங்கியவன். மூன்றாம் முறை உண்மையைச் சொல்லி, யாரும் நம்பாததால் இரண்டாம் பரிசு வாங்கினான்.

கேட் புதியது. நீளமான இரும்புக் குழாய் ஒன்று தூணின்மேல் ஏற்றம் போல நின்றது. குட்டையான முனையில் பாரத்துக்காக ஒரு பெரிய இரும்புத் தலை தொங்கியது. அதற்கு டப் பழுப்பு வண்ணம் அடித்து, கண் வைத்து, நெற்றியில் வெள்ளைச் சுட்டியும் வரைந்திருந்தான். ஆர்லீன் ஒரு விரலால் தொட்டாள். தலை மெதுவாக இறங்கியது, கேட் வானத்துக்கு எழும்பியது.

"பேப்பர்ல போட்டோ பாத்தேன். நேர்ல இன்னும் அழகா இருக்கு," என்றாள்.

"மார்ச் ஏழாம் தேதி, முதல் பக்கம்," என்றான் டப், தொப்பிக்குள்ளிருந்தே.

ஒரு மைல் உள்ளே போனாள். கிணறு இருந்தது, பம்ப் இருந்தது. பம்பின் உத்தர முனையில் மேலும் கீழும் ஆடுகிற இரும்புத் தலை, குதிரைத்தலை என்பார்கள், அது மட்டும் இல்லை. கழுத்து வெறுமையாக வானத்தைப் பார்த்து நின்றது. உத்தரத்தின்மேல் ஒரு பருந்து கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சுகளும் பறந்துபோய், இப்போது கூட்டை ஒரு புறா வாடகைக்கு எடுத்திருந்தது.

ஆர்லீன் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினாள்.

"ஏம்ப்பா டப், இந்தத் தலை ஏது?"

"பிப்ரவரில ஒரு காத்து அடிச்சுதே, ஞாபகம் இருக்கா? தபால்காரன் ஒரு வாரம் தெருமுனைலயே நின்னு லெட்டரக் காத்துல விட்டான், எல்லாம் தானாப் போய்ச் சேந்துச்சு. மூணு மட்டும் வீடு மாறிப் போச்சு, அதுல ஒண்ணு கல்யாணத்துல முடிஞ்சுது. அந்தக் காத்துதான் தூக்கிட்டு வந்து இங்க மாட்டிட்டுப் போச்சு."

"போல்ட்டெல்லாம் கூட காத்துதான் முடுக்குச்சா?"

"நல்ல காத்து தாயி அது. பொறுப்பான காத்து."

"டப்பு. இது என் வாழ்க்கை. வெளயாடாத."

டப் எழுந்து உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றினான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில்கூட அவன் அதைக் கழற்றிப் பலர் பார்த்ததில்லை.

"பிப்ரவரி ஒம்பதாம் தேதி ட்ராக்டர் கட்டி நான்தான் எறக்குனேன். அதுக்கு முன்னால ஆறு வாரமா ஓடல ஆர்லீன், துருப்புடிச்சு நின்னுச்சு. சும்மா நிக்கிற தலைதானேன்னு... சத்தியமாச் சொல்றேன், வேணும்னா கோர்ட்ல வந்து சொல்றேன். ஆனா நான் சொன்னா எவன் நம்புவான்?"

அது நியாயமான கேள்வி. பம்ப் செத்தது எப்போது என்று தெரிந்த ஒரே சாட்சி கவுண்டியின் முதல்பரிசுப் புளுகன், அதோடு தலையைத் திருடியவனும் அவனே. வியாழக்கிழமை ஆட்கள் வந்து புதுத்தலை மாட்டிவிட்டால், பழையது நேற்றுத்தான் விழுந்தது என்று சொல்லிவிடுவார்கள். இன்னும் அறுபது வருடம் எட்டில் ஒரு பங்கு.

ஆர்லீன் கேட்டை இன்னொரு தடவை விரலால் தொட்டாள். இறங்கியது, ஏறியது. 

"இதுக்கு முன்னால இங்க என்ன கேட் இருந்துச்சு?"

"கம்பி கேட்தான். தோளக் குடுத்து நெக்கித் தள்ளி, மேல இருக்கிற கம்பி வளையத்தக் கழட்டணும். எங்கப்பா காலத்துலேந்து அதேதான்."

"அப்படின்னா சரி," என்று வண்டியில் ஏறினாள்.

புதன்கிழமை காலை ட்ரென்டுக்குப் போன் செய்தாள். டெல்பர்ட் தினமும் கிணற்றுக்குப் போகிறான் என்று பாங்கிலிருக்கும் நோட்டரி வைனோனா முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் இனிக் குத்தகையைப் பற்றி வாய் திறக்கமாட்டேன் என்றாள். ட்ரென்ட் மகிழ்ச்சியோடு டெல்பர்ட்டை லுர்லீன் கடையிலிருந்து நேராகக் கூட்டிவந்தான். டெல்பர்ட்டின் மீசையில் முட்டை ஒட்டியிருந்தது.

"தினமும் போறியா டெல்பர்ட்டு?"

"என்ன மிஸ் ஆர்லீன் இப்படிக் கேக்குறீங்க! மழையா இருந்தாலும் சரி, புழுதியா இருந்தாலும் சரி. திங்கக்கிழமைன்னா குதிரைத்தலைக்கு கிரீஸ் வேற போடுறேன். எல்லாம் ரிப்போர்ட்ல இருக்கு."

"அத அப்படியே எழுது. கூடவே எப்படி உள்ள போறேன்னும் எழுதிடு. வீட்டுப்பாடம் மாதிரி ஒண்ணும் விட்டுறாத."

டெல்பர்ட்டுக்கு எழுதுவது பிடிக்கும். நாக்கை ஒரு ஓரமாகத் துருத்திக்கொண்டு எழுதினான்: இந்த வருடம் ஜனவரி முதல் நேற்றுவரை ஒருநாள் விடாமல் போனேன், ஒவ்வொரு நாளும் கம்பி கேட்டைத் தோளால் நெக்கி வளையத்தைக் கழற்றித் திறந்தேன், திங்கள்தோறும் குதிரைத்தலைக்குக் கிரீஸ் போட்டேன். தோள் வலிக்கு மருந்துச் செலவு கம்பெனி தரலாம் என்று கடைசியில் சொந்தமாக ஒரு வரியும் சேர்த்தான். வைனோனா படித்துக் காட்டி, வலதுகையைத் தூக்கச் சொல்லி, முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் ஆர்லீன். "வாங்க, நேர்ல ஒருதரம் பாத்துட்டு வந்துடலாம். வைனோனா, நீயும் வாம்மா. முத்திரைய எடுத்துக்கோ."

ட்ரென்டின் வண்டியில் நான்கு பேரும் போனார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது.

"எறங்கித் தொற டெல்பர்ட்டு. நீதான் பழகினவன்."

டெல்பர்ட் இறங்கினான். தோளைச் சாய்த்துக்கொண்டு தூணருகே போனான். கம்பி வளையத்தைத் தேடினான். தூணின் அந்தப் பக்கம் தேடினான், இந்தப் பக்கம் தேடினான். பிறகு நிமிர்ந்தான். வெள்ளைச் சுட்டி வைத்த இரும்புக் குதிரை அவனை முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. தான் திங்கள்தோறும் கிரீஸ் போட்ட தலையை அவன் அந்த வருடத்தில் முதல்முறையாகச் சந்தித்தான்.

 ஆர்லீன் கைப்பையிலிருந்து மார்ச் ஏழாம் தேதிச் செய்தித்தாளை எடுத்து ட்ரென்டின் மடியில் விரித்தாள். முதல் பக்கத்தில் டப், கேட், தலை. மூன்றும் சிரித்துக்கொண்டிருந்தன.

"மார்ச் ஏழுலேந்து இன்னிக்கு ஜூலை. எண்ணிக்கோ தம்பி. அறுபதுக்கு மேலயே வரும்."

ட்ரென்டின் காது சிவந்தது. "இது கம்பெனி சொத்து! திருட்டு! நான் ஷெரீஃப்கிட்ட புகார் குடுக்கப்போறேன்!"

"குடு. தாராளமாக் குடு. எந்தத் தேதிலேந்து பம்புக்குத் தலை இல்லன்னு கேப்பாரு. மறக்காம எழுது. வைனோனா முத்திரை குத்தித் தருவா."

  ட்ராக்டர் நிழலில் டப் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"டெல்பர்ட்," என்றான் ட்ரென்ட், மெல்ல. "நீ ஒரு தடவையாச்சும் வந்தியா?"

"நியூ இயர் அன்னிக்கு வந்தேன்," என்றான் டெல்பர்ட். கொஞ்சம் யோசித்து, "போன வருஷ நியூ இயர்," என்றான்.

வியாழக்கிழமை ஆட்கள் வரவில்லை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, குத்தகையை விட்டுக்கொடுத்ததாகக் கம்பெனி கவுண்டி அலுவலகத்தில் ஒரு காகிதம் பதிவு செய்தது. ஆர்லீன் அதற்கு இரண்டு நகல் வாங்கி, ஒன்றை அப்பாவின் கல்லறையில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தாள். காற்று தூக்கிப்போனால் போகட்டும், போகிற இடத்தில் யாராவது படிப்பார்கள்.

மறுவாரம் ட்ரென்ட் புதுக் குத்தகையோடு வந்தான். நாலில் ஒரு பங்கு. பலகாரம் இல்லை.

"எப்ப கையெழுத்துப் போடுவீங்க, மிஸ் ஆர்லீன்?"

"அறுபது நாள் ஆகும்," என்றாள்.

அவள் அறுபது நாளும் எடுத்துக்கொண்டாள். ஒரு வக்கீலிடம் இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னாள். ஓடைக்குக் கால் மைலுக்குள் தோண்டக்கூடாது என்று சேர்த்தாள். பம்ப் ஓடுகிறதா என்று அவள் தானே எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்று சேர்த்தாள். கேட்டும் அதில் தொங்குவதும் இருந்த இடத்திலேயே இருக்கும், யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்று கடைசி வரியாகச் சேர்த்தாள். டப் அதைக் கேட்டு இரண்டாம் முறையாகத் தொப்பியைக் கழற்றினான்.

கையெழுத்தை எங்கே போடுவது என்று ட்ரென்ட் கேட்டபோது, கேட்டுக்கு வரச் சொன்னாள். அவனுடைய வண்டியை ட்ராக்டர் நிழலில் நிறுத்தவைத்து, இஞ்சினை அணைக்கச் சொல்லி, அரைமணி நேரம் காத்திருந்தாள். இஞ்சின் மூடியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது. மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டுக்கொண்டு, காகிதத்தை மூடியின்மேல் வைத்து, முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினாள். முடிய மத்தியானம் ஆனது. அப்புறம்தான் பேனாவைத் திறந்தாள்.

பிறகு எல்லாரும் கிணற்றைப் பார்க்கக் கிளம்பினார்கள். ட்ரென்ட் இறங்கிப் போய்க் கேட்டை ஒரு விரலால் தொட்டான். குதிரை மெதுவாகத் தலையசைத்தது. அந்த வருடத்தில் அது அசைந்ததைக் கம்பெனிக்காரர் ஒருவர் நேரில் பார்த்தது அன்றுதான்.